கடைசிப் பிரிவில் றக்பி: பளைப் பொடியளுக்குச் சில சொற்கள்

எங்கள் ஊரான பளையில் பந்து என்றால் உதைபந்துதான், அதற்கடுத்தது கரப்பந்து. நான் றக்பி பழகியது லண்டனுக்குப் போன பிறகு. அங்கே தொழில்முறை வீரர்கள் ஆடும் உயர்பிரிவுக்குப் பல படிகள் கீழே, கவுண்டீஸ் என்ற பெயரில் பிரதேசவாரியாக லீக்குகள் நடக்கின்றன. 1995இல் றக்பி யூனியனில் சம்பளம் அனுமதிக்கப்பட்டது. ஆனாலும் இந்தக் கீழ்ப்பிரிவுகளில் பெரும்பாலானோர் சொந்தக் காசைக் கழகத்துக்குக் கட்டித்தான் ஆடுகிறார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் பொடியள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, நாங்களும் ஒரு ரீம் தொடங்கலாமோ?" தொடங்கலாம். கீழ்ப்பிரிவில் நான் கற்றவற்றை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் ஆள் சேருங்கள்

ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர், அதற்கு மேல் மாற்று வீரர்கள். கீழ்ப்பிரிவுக் கழகங்களைத் தோல்வி அழிப்பதில்லை. சனிக்கிழமை ஆள் வராமைதான் அழிக்கிறது. வேலை, கலியாணம், பிள்ளையின் பிறந்தநாள் என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு கழகத்திலும் ஆட்களை அழைப்பதையே பொறுப்பாகக் கொண்ட ஒருவர் இருப்பார். செவ்வாய் இரவே அவருடைய தொலைபேசி வேலை தொடங்கிவிடும். நல்ல ஓட்டக்காரன் கிடைப்பதைவிட இப்படி ஒருவர் கிடைப்பது பெரிய பேறு.

ஆள் குறைந்தால் ஆட்டத்தைக் கைவிடாதீர்கள். இரு தரப்பும் பேசி, குறைந்த ஆட்களோடும் குறைந்த நேரத்துக்கும் ஆட இங்கிலாந்தில் ஒழுங்கு உண்டு. தூரப் பயணம் ஆட்களைக் குறைக்கிறது என்று கண்டுதான் 2022இல் அங்கே லீக்குகளையே திருத்தி அமைத்தார்கள். நீங்களும் பக்கத்து ஊர்களோடு தொடங்குங்கள். பரந்தனும் கிளிநொச்சியும் ஏ9 வீதியிலேயே இருக்கின்றன.

விழப் பழகிவிட்டுப் பிடிக்கப் பழகுங்கள்

பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவதுதான் டக்கிள். புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் முதலில் செய்ய ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். முழங்காலில் நின்றபடி பக்கவாட்டில் விழுவது, நாடியை நெஞ்சோடு ஒட்டி வைப்பது, கையை ஊன்றாமல் தோளால் உருளுவது ஆகிய மூன்றும் உடம்புக்குப் பழகிய பிறகுதான் பிடிக்க விடவேண்டும். இதற்கு நம் பச்சிலைப்பள்ளிப் பகுதியின் மணல் தரை பெரிய கொடை. லண்டன் மார்கழிக் குளிரில் இறுகிக் கிடந்த மைதானங்களில் விழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பிடிக்கும்போது தலை எதிராளியின் உடலுக்குப் பின்பக்கமாக இருக்கவேண்டும், முன்னால் ஒருபோதும் வரக்கூடாது. இங்கிலாந்தின் சமூகமட்ட ஆட்டங்களில் 2023இலிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனைக்கு மேலே பிடிப்பது குற்றம். தொடக்கத்திலேயே வயிற்றுக்குக் கீழே பிடிக்கப் பழகினால் பிறகு மாற்ற வேண்டியிருக்காது. பல்லுக்காப்பு இல்லாதவனைப் பயிற்சிக்கும் இறக்காதீர்கள்.

முன்வரிசைக்கு ஆளை வளர்த்தெடுங்கள்

பந்துக்காக நடக்கும் ஸ்க்ரம்மில் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள்கொடுத்துத் தள்ளுவார்கள். அந்தப் பாரம் முழுவதும் முன்னால் நிற்கும் மூவரின் கழுத்திலும் முதுகிலும் இறங்கும். பழகாத ஒருவனை உடம்பு பெரிது என்பதற்காக அங்கே நிறுத்துவது அவனுடைய முள்ளந்தண்டோடு விளையாடுவது. பழகிய மூவர் இல்லையென்றால், தள்ளாமல் வெறுமனே கட்டிக்கொண்டு நிற்கும் ஸ்க்ரம்மோடு ஆட விதியே இடம் தருகிறது. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் இல்லை.

தலையில் அடிபட்டால் ஆட்டம் முடிந்தது

இதில் மட்டும் பேரம் கிடையாது. தலைசுற்று, வாந்தி, மங்கிய பார்வை, கேள்விக்குத் தடுமாறிய பதில் என்று ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியே எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தாலே வெளியே என்பதுதான் 2023இல் பிரித்தானிய அரசு வெளியிட்ட வழிகாட்டலின் சாரம். எவ்வளவு விரைவில் தேறினாலும் 21 நாள்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பக்கூடாது என்றும் அது சொல்கிறது. "எனக்கு ஒண்டுமில்லை அண்ணை" என்று சொல்லும் பொடியனின் சொல்லை நம்பாதீர்கள். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியவில்லை.

தோற்கும்போதும் புள்ளி உண்டு

லீக் அட்டவணையில் வெற்றிக்கு நான்கு புள்ளி, சமநிலைக்கு இரண்டு. ஆனால் நான்கு ட்ரை வைத்தாலே, அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் நான்கு முறை பந்தைத் தரையில் வைத்தாலே, ஒரு மேலதிகப் புள்ளி. ஏழோ அதற்குக் குறைவோ வித்தியாசத்தில் தோற்றாலும் இன்னொன்று. ஆகவே இருபது புள்ளி பின்தங்கி நிற்கும் கடைசிப் பத்து நிமிடத்திலும் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. தோற்கும்போதும் விட்டுவிடக்கூடாது என்ற பாடத்தை இளையவர்களுக்கு ஒரு ஆட்டம் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பளைக்கு இன்னொரு சொல். காற்றாலைகள் சுழலும் வெளியில் சோளகம் வீசும்போது உயர உதைத்த பந்து உங்களுடையது இல்லை. நாணயச் சுழற்சியில் வென்றால் காற்றுப் பக்கத்தைக் கேளுங்கள். எதிர்க்காற்றில் பந்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

நடுவரை மதியுங்கள், எதிரணிக்குச் சோறு போடுங்கள்

நடுவரோடு அணித்தலைவர் மட்டுமே பேசலாம், அதுவும் மரியாதையாக. ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்குச் சாப்பாடு கொடுப்பது அங்கே வழமை. எண்பது நிமிடம் மோதியவர்கள் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். விருந்தோம்பல் நமக்குப் புதிதில்லை. நம் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் கைகலப்பைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எங்கே தொடங்குவது?

இலங்கையின் முதல் பாடசாலை றக்பி ஆட்டம் 1906இல் கண்டியில் கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரிகளுக்கு இடையே நடந்தது. அன்றிலிருந்து இந்த ஆட்டம் பெரும்பாலும் கண்டியையும் கொழும்பையும் சுற்றியே வளர்ந்தது. ஆனாலும் இது நமக்கு அந்நியமானது என்று எண்ணவேண்டாம். 1950இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி கொழும்புக்கு வந்தபோது இலங்கைக்காக ஆடியவர்களில் ஓட்டவீரர் சும்மா நவரத்தினமும் ஒருவர். வடக்குக்கு வராமல் போனது மைதானமும் பயிற்றுநரும் வாய்ப்பும்தான்.

எடுத்தவுடன் பதினைந்து பேர் ஆட்டத்துக்குப் போகாதீர்கள். இடுப்பில் துணிப்பட்டி கட்டி, அதை இழுத்தால் பிடித்ததாகக் கொள்ளும் டெக் றக்பியில் தொடங்குங்கள். அதில் பொடியளும் பொம்பிளைப் பிள்ளையளும் சேர்ந்தே ஆடலாம். பிறகு எழுவர் ஆட்டம். 2016இலிருந்து ஒலிம்பிக்கில் இருப்பதும் அதுதான். அதுவும் மோதல் ஆட்டம்தான், ஆகவே பயிற்சி பெற்ற ஒருவர் கிடைத்த பிறகே அதற்குப் போங்கள். போர் நடந்த மண் என்பதால், கண்ணிவெடி அகற்றி உறுதிசெய்யப்பட்ட, ஊருக்குத் தெரிந்த மைதானத்தில் மட்டும் ஆடுங்கள்.

இரண்டு பந்து, ஒரு கட்டுத் துணிப்பட்டி, வாராவாரம் தவறாமல் வரும் பன்னிரண்டு பேர். இவ்வளவும் இருந்தால் ஒரு கழகத்தின் முதல் வருடத்துக்குப் போதும். அந்தப் பன்னிரண்டு பேரின் பெயரை இந்தக் கிழமையே எழுதத் தொடங்குங்கள்.