பழைய சர்வரில் பத்துக் கணினிகள்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி, மைஎஸ்கியூஎல் இரண்டும் உண்டு. மேசைக் கணினியிலேயே சர்வர் மென்பொருளை நிறுவி இவற்றை நடத்திவிடலாம், நிரலும் ஓடிவிடும். ஆனால் ஒரு கணினி பக்கத்தைக் கேட்க, எங்கோ இருக்கும் இன்னொரு கணினி பதில் தருகிறது என்னும் பாடத்தின் உயிர்ப்பகுதி புத்தகப் படத்தோடு நின்றுவிடுகிறது.

சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் இது சற்றுக் கூடுதலாகவே உறுத்தும். சுற்றிலும் தொழிற்சாலைகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் சர்வர் அறை. நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வர்களை மாற்றுகின்றன. பெரும்பாலும் உத்தரவாதக் காலம் முடிந்ததே காரணம், பழுது அன்று. அப்படி ஒன்று பள்ளிக்குக் கொடையாகக் கிடைத்தால், மெய்நிகராக்கம் வழியாக அதைப் பத்துக் கணினிகளாக்கலாம்.

மெய்நிகராக்கத்தை மாணவருக்கு விளக்க நம் தொடக்கப் பள்ளிகளே போதும். ஒரே கூடத்தில் தட்டி வைத்து மறைத்து மூன்று வகுப்புகள் நடப்பதில்லையா? கூடம் ஒன்று, வகுப்புகள் தனித்தனி. தட்டி வைக்கும் வேலையைச் செய்யும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். (தட்டியைத் தாண்டிச் சத்தம் வரும், இங்கே வராது.) எண்ணம் புதிதன்று. ஐபிஎம் 1972இலேயே விஎம்/370 என்ற பெயரில் இதை வெளியிட்டது. லினக்ஸ் கருவில் கேவிஎம் சேர்ந்தது 2007இல். அதன்மேல் இயங்கும் பிராக்ஸ்மாக்ஸ் கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

32 ஜிபி நினைவகம் உள்ள சர்வர் என்று கொள்வோம். வரைகலைத் திரை இல்லாத டெபியன் லினக்ஸில் வலைச் சர்வர், பிஎச்பி, தரவுத்தளம் மூன்றும் பயிற்சி அளவுக்கு 1 ஜிபியில் ஓடும். பத்துக் குழுக்களுக்குப் பத்து ஜிபி. நான்கு ஜிபியில் இன்னொரு மெய்நிகர்க் கணினி அமைத்து, கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றியே எல்லா வகுப்புக்கும் தரலாம். மீதி, ஹைப்பர்வைசருக்கும் அவசரத்துக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்னாப்ஷாட் வசதி. கணினியின் அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்துவைக்கும். அதன்பின் நிபந்தனை இல்லாத டெலிட் கட்டளையைத் தரச் சொல்லுங்கள். அட்டவணையில் ஒரு வரிசையும் மிஞ்சாது. மாணவர் திகைத்து நிற்கும்போது பழைய நிலைக்குத் திருப்பிக் காட்டலாம். ‘கெடுத்துவிடாதே’ என்று சொல்லியே நடத்தும் ஆய்வகத்தில், கெடுத்துப் பார்த்துக் கற்க இடமே இல்லை.

வாங்குமுன் நினைவகத்தைவிட மின்செலவைக் கேளுங்கள். 200 வாட் எடுக்கும் சர்வர் நாளுக்கு 6 மணி நேரம் என 22 நாள் ஓடினால் 26.4 யூனிட். அணைக்காமல் 30 நாளும் விட்டால் 144 யூனிட். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. மாலையில் முறைப்படி அணைக்கும் பொறுப்பையும் மாணவரிடமே தரலாம். தட்டையான சர்வர்களில் சிறு விசிறிகள் அதிவேகமாகச் சுழல்வதால் இரைச்சல் தாங்காது. வகுப்பறைக்கு வேண்டாம். நின்றநிலைப் பெட்டி வகை கிடைத்தால் அதையே கேளுங்கள். மெய்நிகராக்க வசதி பயாஸ் அமைப்பில் அணைந்திருக்கலாம். அதை இயக்கிவிட்டு நிறுவத் தொடங்குங்கள்.

வட்டுகளை நிறுவனங்கள் தகவல் பாதுகாப்புக்காகப் பெரும்பாலும் கழற்றிக்கொள்ளும். அதுவும் நல்லதே. பழைய வட்டை நம்புவதைவிடப் புதிய எஸ்எஸ்டி இரண்டு வாங்கி, ஒன்றன் நகலாக மற்றொன்றை வைப்பது மேல். அப்படியும் பேக்கப் வேறு கருவியில் இருக்க வேண்டும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். எமிஸ் விவரம், ஆதார் எண், மதிப்பெண் எதையும் இந்தச் சர்வரில் வைக்கக் கூடாது. இது பயிற்சிக் களம் மட்டுமே.

கொடையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடும் நிறுவனத்தின் கடிதத்தோடும் பெற்று, வரிசை எண்ணுடன் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஓடாத பெட்டியை வாங்காதீர்கள். மின்னணுக் கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது, 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி பெரிய நிறுவனங்களின் கடமை. பள்ளியின் பின்கட்டு அதற்கான இடமன்று. கொண்டுவந்து இறக்குமுன், அவர்கள் இடத்திலேயே ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.