கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் புதியவரைச் சேர்த்துக்கொள்ளும் முறை

மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் இசைவளிக்கும் கட்டற்ற மென்பொருள் திட்டங்களில், புதியவருக்கான ஏற்பாடு அவர் வருமுன்பே தொடங்க வேண்டும். திட்டத்தின் பராமரிப்பாளர்கள் முதலில் வெற்றுக் கணினி ஒன்றில் தங்கள் நிறுவல் குறிப்புகளை வரிக்கு வரி பின்பற்றி, மூலநிரலைத் தொகுத்து, அதாவது கணினி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றி, சோதனைகளை ஓட்டிப் பார்த்தால், பழகிய கண்ணுக்குப் புலப்படாத விடுபடல்கள் தெரியவரும்.

அடுத்து, சில சிறு வழுக்களைப் புதியவர்களுக்கென ஒதுக்கி, எந்தக் கோப்பைத் திருத்த வேண்டும், சரியான விளைவு எது, அதைச் சோதிப்பது எப்படி என்பவற்றை எழுதிவைத்தல் வேண்டும். பத்து நிமிடத்தில் தாமே முடித்துவிடலாம் என்று மூத்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். அதை அடக்குவதே இந்தப் படியின் கடினமான பகுதி. எடுத்துக்காட்டாக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலில், தரம் இன்னும் எட்டப்படாத வன்பொருள் இயக்கிகளை வைப்பதற்கென 2008இல் உருவான ‘ஸ்டேஜிங்’ பகுதி, புதியவர் பலர் முதல் திருத்தத்தை அனுப்பும் இடமாகவும் ஆயிற்று.

எல்லாவற்றிலும் முதன்மையானது அம்முதல் திருத்தத்திற்குக் கிடைக்கும் மறுமொழி. உடனே ஆராய இயலாவிடில், எப்போது ஆராயப்படும் என்றேனும் தெரிவிக்க வேண்டும். கட்டாயம் மாற்ற வேண்டியதையும் ஆராய்பவரின் விருப்பத்தையும் பிரித்துக்காட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுதல் நன்று. இடைவெளி, வரி நீளம் போன்ற நடைப்பிழைகளைச் சுட்டும் வேலையை, கருநிரலின் ‘செக்பேட்ச்’ போன்ற கருவியிடம் விட்டுவிடலாம். மறுமொழியில் கடுஞ்சொல்லைத் தரக்கட்டுப்பாடாகக் கருதும் பழக்கம் இத்துறையில் நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. லினக்ஸ் கருநிரலைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தம் கடுமைக்காக மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் விலகியிருந்தார், கருநிரல் சமூகமும் அப்போதே நடத்தை நெறி ஒன்றை ஏற்றது.

பிறகு, பொறுப்பைப் படிப்படியாக அளிக்க வேண்டும். லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தை உருவாக்கும், 1993இல் தொடங்கிய டெபியன் திட்டத்தில், புதியவர் உருவாக்கும் மென்பொருள் பொதியை, ‘ஸ்பான்சர்’ எனப்படும் உறுப்பினர் ஒருவர் சரிபார்த்துத் தம் பொறுப்பில் பதிவேற்றுகிறார். நம்பிக்கை வளர்ந்தபின் குறிப்பிட்ட பொதிகளைத் தாமே பதிவேற்றும் ‘டெபியன் பராமரிப்பாளர்’ நிலையும், அதற்கப்பால் வாக்குரிமையுள்ள ‘டெபியன் உருவாக்குநர்’ நிலையும் உண்டு. இத்தகைய படிகளுக்கான தகுதிகளை எழுத்தில் வெளியிடாத திட்டத்தில், ஏற்கெனவே அறிமுகமானவர்களே மேலேறுவர். ஆகவே அவற்றை முதல் திருத்தம் ஏற்கப்பட்ட அன்றே புதியவரிடம் தெரிவித்து, அடுத்து எடுக்கத்தக்க வேலை ஒன்றையும் சுட்டுதல் வேண்டும்.