பிரிட்டனில் நடிப்புப் பயிற்சி: இளம் நடிகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

லண்டனில் உள்ள ராடா நாடகப் பள்ளியில் நடிப்புப் பயின்று ஊர் திரும்பிய எப்ராஹிம் அல்காசி, 1962 முதல் 1977 வரை டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக இருந்தார். நசீருதீன் ஷா, ஓம் புரி போன்ற நடிகர்கள் அவரிடம் பயின்றவர்கள். வெளிநாட்டுப் பயிற்சி ஒருவருடைய மண்ணுக்கும் பயன்படும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. நம் ஊர் மேடைகளில் நடித்துவிட்டு, அடுத்து முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்காக இந்த வழிகாட்டி. ஒவ்வொரு படியிலும் ஒன்றை மறக்க வேண்டாம்: உங்கள் குரலை விரிவாக்கிக்கொள்ளத்தான் போகிறீர்கள், அதைத் தொலைத்துவிட அல்ல.

படி 1: பள்ளியையும் படிப்பையும் முடிவு செய்யுங்கள்

லண்டனில் ராடா (1904), ராயல் சென்ட்ரல் (1906), லாம்டா, கில்ட்ஹால் ஆகியவை முதல் வரிசைப் பள்ளிகள். லண்டனுக்கு வெளியே பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியும் (1946) கிளாஸ்கோவில் உள்ள ராயல் கன்சர்வட்டோயர் ஆஃப் ஸ்காட்லாந்தும் அதே மதிப்புடையவை.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 3 ஆண்டு பி.ஏ. நடிப்பு, சேரும்போது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பட்டதாரிகளுக்கு எம்.ஏ. உண்டு. அடித்தளம் வேண்டுபவர்களுக்கு ஃபவுண்டேஷன் படிப்பு. எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாணவர் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் உரிமம் அந்தப் பள்ளிக்கு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சிறிய தனியார் ஸ்டுடியோக்கள் பலவற்றுக்கு அந்த உரிமம் கிடையாது.

படி 2: பணக் கணக்கை முன்கூட்டியே போடுங்கள்

வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல். வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் தனி. காலை முதல் மாலை வரை வகுப்பு, அதன் பிறகு ஒத்திகை என்று நாள் போய்விடும். பகுதிநேர வேலையை நம்பி வண்டி ஓட்ட முடியாது. உதவித்தொகைக்கான கடைசித் தேதி படிப்புக்கான தேதிக்கு முன்பே வந்துவிடலாம். குடும்பத்தோடு உட்கார்ந்து, முதல் ஆண்டுக்கு மட்டுமல்லாமல் படிப்பு முடியும்வரை கணக்கிடுங்கள்.

படி 3: ஆடிஷனுக்குத் தயாராகுங்கள்

செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் என்றால், முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். ஆகவே ஓராண்டுக்கும் மேலான அவகாசத்தோடு இறங்குங்கள்.

பெரும்பாலான பள்ளிகள் இரண்டு மோனோலாக் கேட்கும்: ஒன்று ஷேக்ஸ்பியர் அல்லது அவர் காலத்து நாடகம், மற்றொன்று இக்கால நாடகம். ஒவ்வொன்றும் சுமார் 2 நிமிடம். பாட்டு கேட்கும் பள்ளிகளும் உண்டு. முதல் சுற்று செல்ஃப் டேப்பாக, அதாவது நீங்களே நடித்துப் பதிவு செய்து அனுப்பும் வீடியோவாக, இருக்கலாம். தேறியவர்களுக்கு அடுத்தடுத்த சுற்றுகளில் குழுப் பயிற்சியும் நேர்காணலும் நடக்கும்.

• உங்கள் வயதுக்கு ஒட்டிய பாத்திரத்தை எடுங்கள். இருபது வயதில் லியர் அரசர் வேண்டாம்.
• வசனத்தை மட்டும் படிக்காமல் முழு நாடகத்தையும் படியுங்கள். அந்தப் பாத்திரம் யாரிடம் பேசுகிறது, என்ன வேண்டிப் பேசுகிறது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.
• ஷேக்ஸ்பியரின் செய்யுள் வரியில் பொதுவாக 10 அசைகள், 5 அழுத்தங்கள். பொருள் தெளிவான பிறகு தாளத்தோடு சொல்லிப் பழகுங்கள்.
• செல்ஃப் டேப்பில் வெற்றுச் சுவர், முகத்தில் வெளிச்சம், தெளிவான ஒலி போதும். வெட்டி ஒட்ட வேண்டாம்.
• உங்கள் இயல்பான உச்சரிப்பில் பேசுங்கள். வரவழைத்துக்கொண்ட பிரிட்டிஷ் உச்சரிப்புக்குப் பின்னால் நடிகர் மறைந்துவிடுவார். தேர்வாளர்கள் தேடுவது அந்த நடிகரைத்தான்.

படி 4: விசா விதிகளை வரி விடாமல் படியுங்கள்

இடம் கிடைத்தபின் பள்ளி ஒரு சேர்க்கை உறுதி எண் தரும். அதை வைத்துத்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். கல்விக் கட்டணத்துக்கும் 9 மாத வாழ்க்கைச் செலவுக்கும் உரிய பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை.

நடிகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய விதி ஒன்று உண்டு. பட்டப்படிப்பு மாணவர்கள் வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் கலைநிகழ்ச்சி தருபவராகச் சம்பாதிக்க மாணவர் விசா அனுமதிப்பதில்லை. காபிக் கடையில் வேலை பார்க்கலாம்; விளம்பரப் படத்தில் நடித்துச் சம்பளம் வாங்கக் கூடாது. ஆசைப்பட்டு மீறினால் விசாவே போய்விடும்.

படி 5: முதல் ஆண்டில் உடலையும் குரலையும் ஒப்படையுங்கள்

முதல் ஆண்டில் பெரும்பாலும் பார்வையாளர் முன் நடிக்க விடமாட்டார்கள். மூச்சு, குரல், அசைவு, கவனிப்பு இவையே பாடம். டாஸ்மேனியாவில் பிறந்த நடிகர் எஃப்.எம். அலெக்சாண்டர், வசனம் சொல்லும்போது தன் குரல் கம்முவதற்குக் காரணம் தேடினார். தலையையும் கழுத்தையும் தான் இறுக்குவதைக் கண்ணாடி முன் நின்று கண்டுகொண்டார். அதிலிருந்து பிறந்த அலெக்சாண்டர் முறை பல பள்ளிகளில் பாடமாக இருக்கிறது. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி 1938-இல் இங்கிலாந்து வந்த நடனக் கலைஞர் ருடால்ஃப் லாபன், அசைவை எடை, காலம், வெளி, ஓட்டம் என்று பகுத்தார். தெருக்கூத்தோ பரதமோ பயின்ற உடலுக்கு இந்தப் பகுப்பு சீக்கிரம் பிடிபடும். அந்தப் பயிற்சியை வகுப்புக்குள் கொண்டு போங்கள்.

உச்சரிப்பு வகுப்பில் நமக்கு உழைப்பு அதிகம். தமிழில் அசை அழுத்தம் மாறினாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் சொல்லே புரியாமல் போகலாம். தினமும் சத்தமாக வாசிப்பதுதான் வழி. புதிய உச்சரிப்பு ஒவ்வொன்றும் ஒரு பாத்திரத்துக்கான உடை. தேவைப்படும்போது அணியலாம், கழற்றலாம்.

தனிமையும் குளிரும் வாட்டும். சோர்வு நீடித்தால் பள்ளியின் மாணவர் நல ஆலோசகரிடம் தயங்காமல் பேசுங்கள்.

படி 6: இறுதி ஆண்டில் தொழிலுக்குள் நுழையுங்கள்

இறுதி ஆண்டில் பொதுமக்கள் முன் நாடகங்களும், ஏஜென்ட்டுகளும் காஸ்டிங் டைரக்டர்களும் பார்க்கும் ஷோகேஸும் நடக்கும். 1927 முதல் இயங்கும் ஸ்பாட்லைட் நடிகர் பட்டியலில் உங்கள் படமும் விவரமும் இடம்பெற வேண்டும். 1930-இல் தொடங்கிய நடிகர் சங்கமான ஈக்விட்டியில் மாணவராகவே உறுப்பினராகலாம். நல்ல ஏஜென்ட் நீங்கள் சம்பாதிப்பதிலிருந்துதான் கமிஷன் எடுப்பார். முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

தொடர்ந்து தங்க விரும்பினால் கிராஜுவேட் விசாவைப் பாருங்கள். அதன் காலம் 2 ஆண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதங்கள். அதில் நடித்துச் சம்பாதிக்கத் தடை இல்லை. விதிகள் அடிக்கடி மாறுவதால் பிரிட்டிஷ் அரசின் அதிகாரப்பூர்வ அறிவிப்பை மட்டுமே நம்புங்கள்.

இன்றே தொடங்குங்கள்

ஒரு தமிழ் நாடகத்தையும் ஓர் ஆங்கில நாடகத்தையும் எடுத்து இந்த வாரமே முழுதாகப் படியுங்கள். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பகுதியை மனப்பாடம் செய்து, நேர்மையாகக் குறை சொல்லும் ஒருவர் முன்னால் நடித்துக் காட்டுங்கள். லண்டன் போன பிறகும் தமிழில் நடிப்பதை விடாதீர்கள். இரண்டு மொழியிலும் உயிரோடு நிற்கும் நடிகருக்கு இரண்டு மேடைகள் காத்திருக்கின்றன.