வெண்ணிற நாயும் செவிப்புலனும்

சேலம், நாமக்கல் சமவெளியில் இரவில் வழிநடப்போர் காதில் முதலில் விழுவது நாயின் குரலே. மேச்சேரி ஆட்டுக் கிடையாயினும், கோழிப் பண்ணையாயினும், கிணற்றடியில் தனித்து நிற்கும் தோட்டத்து வீடாயினும், காவலுக்கு ஒரு நாய் இருக்கும். இருளில் அது கண்ணைக் காட்டிலும் மூக்கையும் செவியையுமே நம்பியிருக்கிறது. சருகு மிதிபடும் ஓசையை நாம் உணருமுன் அது தலைநிமிர்ந்து நிற்கும். அத்தகைய காவல் நாய் பிறவியிலேயே செவிடாயிருப்பின் என் செய்வது?

இவ்வினா வெறுங்கற்பனையன்று. நம் மாநிலத்து நாயினங்களுள் புகழ்பெற்றது இராசபாளையம் நாய். விருதுநகர் மாவட்டத்து ஊரொன்றின் பெயர் தாங்கிய இந்நாய், பால்போன்ற வெண்ணிறமும், இளஞ்சிவப்பு மூக்கும், நெடிய கால்களும் உடையது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பெயர்பெற்றது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை இதன் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. ஆயினும் இவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட குறையாகும். அக்குறை எங்கிருந்து வந்தது? மக்கள் விரும்பிய அந்த வெண்மையிலிருந்தே வந்தது!

இதனை விளங்கிக்கொள்ளத் தாயின் கருப்பையினுள் நிகழ்வதை அறிதல் வேண்டும். உடலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் தோலிலேயே தோன்றுவன அல்ல. கரு வளருங்கால், முதுகந்தண்டு அமையும் இடத்தின் ஓரத்தில் அவற்றின் மூலவணுக்கள் பிறக்கின்றன. அங்கிருந்து உடலெங்கும் பயணம் செல்கின்றன. சில தோலை அடைகின்றன; சில கண்ணை அடைகின்றன; வேறு சில உட்செவியை அடைகின்றன. கன்றின் நெற்றியிலும் நாயின் பாதத்திலும் வால் நுனியிலும் வெள்ளை மிகுதியாகக் காணப்படுவதேன்? பயணம் சென்ற அணுக்கள் அத்தொலைவிடங்களைப் போதிய அளவில் எட்டாமையே காரணம்.

செவிக்கு நிறம் எதற்கு என்று மாணவர்கள் வினவலாம். உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட உறுப்பொன்று உள்ளது. அதன் சுவரில் நுண்ணிய குருதிக் குழாய்கள் செறிந்த மெல்லிய பட்டை ஒன்று உண்டு. உட்செவி நீரில் பொட்டாசியத்தின் அளவைக் காத்து நிற்பது அப்பட்டையே. அதற்கு நிற உயிரணுக்களின் துணை இன்றியமையாதது. அவை வந்து சேராவிடின், குட்டி பிறந்த சில வாரங்களில் பட்டை நலிகிறது. அதன்பின் ஓசையை உணரும் நுண்மயிரணுக்களும் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

வெள்ளையெல்லாம் செவிடு என்று எண்ணிவிடலாகாது. நாமக்கல் பண்ணைகளை நிறைக்கும் லெகார்ன் கோழி வெள்ளைதான்; அதற்குக் காது நன்றாகவே கேட்கிறது! வெண்மைக்குக் காரணங்கள் பல. உயிரணு உரிய இடத்தை அடைந்தும் நிறப்பொருளை ஆக்காதிருப்பது ஒரு வகை. அவ்வகையில் செவிக்குத் தீங்கில்லை. உயிரணுவே வந்து சேராதிருப்பது மற்றொரு வகை. கேடு விளைவது இதனால்தான். நீலக்கண் வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாயிருத்தலை டார்வின் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலிலேயே குறித்துள்ளார்.

மேலைநாட்டார் பெரிதும் ஆராய்ந்தது டால்மேசியன் என்னும் புள்ளி நாயை. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட அவ்வின நாய்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 இரு செவியும் கேளாதன; 22 ஒரு செவி மட்டும் கேளாதன. பிறவியிலேயே பெரிய கறுப்புத் திட்டு உடைய குட்டிகளில் இக்குறை மிகக் குறைவு. ஆனால், அழகுப் போட்டி விதிகள் அத்திட்டையே குற்றமாகக் கருதின! நம் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. இராசபாளையம் ஈற்றில் நிறமுடைய குட்டி பிறப்பின், அதனைக் கழித்துவிடும் வழக்கம் முன்னாளில் இருந்தது. கழிக்கப்பட்ட குட்டிதான் நற்செவியைத் தலைமுறைக்குக் கடத்தவல்லது என்பதை அன்று யார் அறிவார்?

ஒரு செவி மட்டும் கேளாத நாயைக் கண்டறிவது எளிதன்று. பெயர் சொல்லி அழைத்தால் வரும். அயலாரைக் கண்டால் குரைக்கும். வளர்ப்போர் ஐயுறாமல் அதனை இனப்பெருக்கத்திற்கு விடுவர். குறை குட்டிகளுக்குச் செல்லும். நன்கு கேட்கும் தாய்தந்தையர்க்கும் செவிட்டுக் குட்டி பிறப்பதுண்டு. தலைத்தோலில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, ஒவ்வொரு செவியிலும் தனித்தனியே ஓசை எழுப்பி, மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனையே ஐயத்தை முற்றும் தீர்க்கும்.

அக்கருவி இல்லாத சிற்றூரில், ஐந்து வாரம் கடந்த குட்டி உறங்கும்போது அதன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்க்கலாம். தரை அதிர்தலும் காற்றுப் படுதலும் கூடா. செவிட்டுக் குட்டி அவற்றாலும் விழித்துக்கொள்ளும். இரு செவியும் கேளாதெனத் தெரிந்த நாயைக் கிடைக் காவலுக்கு விடுதல் தகாது, இனப்பெருக்கத்திற்கும் ஆகாது. ஆயினும் வேலியிட்ட முற்றத்தில் அது நன்கு வாழும். கையசைவால் அதற்கு ஏவல் கற்பிக்கலாம். உறங்குங்கால் திடீரெனத் தொட்டால் அது வெருண்டு கடிக்கக்கூடும்; ஆகையால் எழுப்ப வேண்டின், அருகில் தரையை மெல்லத் தட்டுதல் நன்று.