வீடு பிடிச்சாச்சா தங்கச்சி? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படி!

என் முதல் வாடகை வீட்டைக் காலி செய்தபோது, பெயின்ட், குழாய் என்று ஹவுஸ் ஓனர் கழித்தது போக அட்வான்ஸில் பாதிதான் கைக்கு வந்தது. எதிர்த்துக் கேட்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அந்த நிலை உனக்கு வரக் கூடாது.

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்கென்றே 2017-ல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

1. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்
"11 மாசம்தானே, பதிவெல்லாம் எதுக்கு?" என்பார்கள். அது பழைய கணக்கு. இப்போது எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாடகை, மெயின்டனன்ஸ், கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, எப்போது எவ்வளவு ஏற்றுவார்கள், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என எல்லாம் அதில் இருக்கட்டும்.

2. அட்வான்ஸுக்கு அளவு உண்டு
சட்டம் சொல்லும் அளவு 3 மாத வாடகை. வாடகை 15,000 ரூபாய் என்றால் 45,000. ஆனால், அதற்கு மேல் தருவதாக நீயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். அதனால் பேரம் பேசும் நேரம் கையெழுத்துக்கு முன்புதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உன் பாக்கி போக மீதி திரும்ப வர வேண்டும்.

3. சாமான் இறக்கும் முன் வீடியோ எடு
சுவர்க் கறை, ஒழுகும் குழாய், உடைந்த கண்ணாடி, மீட்டர் ரீடிங் எதையும் விடாதே. அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. தேதி தானாகப் பதிவாகும்.

4. ரிப்பேர் யார் பொறுப்பு?
ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர், பூட்டு, சாக்கடை அடைப்பு ஆகியவை நம்முடையவை. இது தெரியாமல்தான் பெயின்டுக்கு நான் பணம் இழந்தேன்.

5. இதற்கெல்லாம் பயப்படாதே
சண்டை வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ ஓனர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பில் முறையிடலாம். வீட்டைப் பார்க்க வருவதென்றால் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும்.

6. நம் பங்கையும் சரியாகச் செய்வோம்
வாடகையை வங்கி வழியாகவே கொடு. ரொக்கமென்றால் ரசீது வாங்கு. 2 மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்தும் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்லச் சட்டமே இடம் தருகிறது. ஓனர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகைக்கு விடாதே, சுவரை இடித்து மாற்றாதே.

ஓனர் தங்கமானவராக இருந்தாலும் இதையெல்லாம் செய். நாளைக்கே வீடு அவர் பிள்ளைகள் கைக்குப் போகலாம், விற்கவும் படலாம்.

இரண்டாவது வீட்டில் நான் இத்தனையும் செய்தேன். காலி செய்த அன்று ஓனரம்மாவும் நானும் பழைய வீடியோவைப் பார்த்துக்கொண்டே அறை அறையாக நடந்தோம். உடைந்த ஒரு சுவிட்சுக்கு நானே பணம் கொடுத்தேன். அட்வான்ஸ் முழுசாக வந்தது. இன்றும் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எனக்கு முதல் அழைப்பு வருகிறது.