முகர்பொருட் பழக்கம்: அறிதலும் ஆவன செய்தலும்

சிறுவரை அடிமைப்படுத்தும் பொருள் எப்பொழுதும் கள்ளத்தனமாக விற்கப்படுவதன்று. எழுத்துப் பிழையை மறைக்க உதவும் ஒயிட்னர், மிதிவண்டிச் சக்கரத்தின் துளையை அடைக்கும் பசை, வண்ணத்தை இளக்கும் தின்னர், பெட்ரோல் ஆகிய அன்றாடப் பொருள்களே சிலரால் போதைக்காக முகரப்படுகின்றன. இவை எளிதில் ஆவியாகும் இயல்புடையவை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பின் அறிக்கை 2019-இல் வெளியாயிற்று. அதன்படி, வயது வந்தோரினும் 10 முதல் 17 வயது வரையுள்ளோரிடத்து மிகுந்த விகிதத்திற் காணப்பட்ட போதைப்பொருள் வகை முகர்பொருள் ஒன்றே. இப்பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படும் சிறுவர் நாட்டில் ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் எனவும் அவ்வறிக்கை மதிப்பிட்டது.

உடலில் நிகழ்வது

இப்பொருள்கள் பலவற்றில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் உள்ளன. முகரப்பட்ட ஆவி நுரையீரல் வழியே குருதியிற் கலந்து, சில நொடிகளில் மூளையை அடைகிறது. போதை சில நிமிடங்களே நிற்கும். ஆகவே சிறுவன் மீண்டும் மீண்டும் முகர்கிறான். கரைப்பான்கள் கொழுப்பிற் கரைபவை. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்புறையை அவை நாளடைவிற் சிதைக்கின்றன. நினைவாற்றல் குன்றுகிறது, நடை தள்ளாடுகிறது. சிறுநீரகம் பழுதுற்று, குருதியில் பொட்டாசியம் குறைந்து, கைகால்கள் வலுவிழத்தலும் உண்டு.

அறிகுறிகள்

1. மூச்சிலும் உடையிலும் வண்ணம் அல்லது பசையின் நெடி.
2. விரல்களிலும் சட்டைக் கையிலும் வெண்கறை. வாயையும் மூக்கையும் சுற்றிச் சிவந்த புண்.
3. பையில் நனைந்த துணித் துண்டு, பிளாஸ்டிக் உறை, காலியான பசைக்குழாய்கள்.
4. குழறிய பேச்சு, சிவந்த கண்கள், பசியின்மை, காரணமற்ற சினம்.
5. பாடத்தில் திடீர்ப் பின்னடைவு; பழைய நண்பரை விட்டு விலகுதல்.

இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. காய்ச்சலும், உறக்கமின்மையும், வீட்டுத் துயரமும் இவற்றுட் சிலவற்றைத் தோற்றுவிக்கும். பல குறிகள் ஒருங்கே தோன்றிப் பல நாள் நீடிப்பின், ஐயுற இடமுண்டு.

துரத்தலாகாது

சிறுவன் முகர்ந்துகொண்டிருக்கையிற் காண நேரிடின், பெரியோர் பலரும் அதட்டுவர். அவன் ஓடினால் துரத்துவர். இஃது உயிருக்கே இடராக முடியலாம். கரைப்பான் ஆவி இதயத்தை அட்ரினலினுக்கு மிகையாக எதிர்வினை செய்யும் நிலையில் வைக்கிறது. அச்சத்தாலும் ஓட்டத்தாலும் அட்ரினலின் பெருகும்போது, இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீரென நின்றுவிடக்கூடும். முதன்முறை முகர்ந்தவனுக்கும் இது நேரலாம்.

எனவே, அமைதியாக அணுகித் தாழ்ந்த குரலிற் பேசுக. துணியையும் புட்டியையும் அகற்றுக. காற்றோட்டமான இடத்தில் அவனை உட்காரச் செய்து உடனிருக்க. இவ்வாவிகள் தீப்பற்றக்கூடியவையாதலால் அருகில் நெருப்பு கூடாது. நினைவிழந்தவனை ஒருக்களித்துக் கிடத்தி, வாய்வழி எதுவும் புகட்டாமல், 108 அல்லது 112 எண்ணுக்கு அறிவிக்க. மூச்சு நின்றுவிடின், பயிற்சி பெற்றவர் காலம் தாழ்த்தாது மார்பழுத்தச் சிகிச்சை தொடங்குதல் வேண்டும்.

பின்னர்ச் செய்யத்தக்கவை

போதை தெளிந்த பின்னரே உரையாடல் பயன் தரும். வகுப்பினர் முன்னிலையிற் கண்டித்தல் மாணவனைப் பள்ளியிலிருந்தே விரட்டிவிடும். பள்ளியை இழந்தவனுக்குத் தெருவே துணையாகும். தனியிடத்தில், "சில நாளாக நீ வாடியிருப்பதைப் பார்க்கிறேன், தம்பி; என்ன நேர்ந்தது?" என்று வினவுதல், "நீ இதைச் செய்தாயா?" என்று குற்றஞ்சாட்டுதலினும் மேலானது. பசியை மறக்கவும், கூட்டாளிகளின் தூண்டுதலாலும், வீட்டிலுள்ள வன்முறையை மறக்கவும் சிறுவர் இதனை நாடுகின்றனர். காரணம் அறியாமற் கூறும் அறிவுரை நிலைபெறாது. பெற்றோரிடம் தெரிவிக்கையிலும், அடிப்பதால் பழக்கம் நீங்காது என்பதை விளக்குதல் கடன்.

இப்பழக்கத்தைப் போக்கத் தனி மருந்து ஏதுமில்லை. ஆலோசனை, குடும்ப ஆதரவு, தொடர்ந்த கவனிப்பு ஆகியவையே சிகிச்சையின் அடிப்படை. தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. ஆதரவற்ற சிறுவருக்கு 1098. போதைக்கு ஆளாகும் நிலையிலுள்ள சிறுவரை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவோர் என்றே 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் கருதுகிறது. அத்தகையோரைக் குழந்தைகள் நலக் குழுவின் பார்வைக்குக் கொணர்தல் களப்பணியாளரின் பொறுப்பாகும்.

பழக்கம் ஒரே நாளில் அகலாது. இடையிற் சறுக்கலும் நேரும். அப்பொழுதும் கைவிடாத ஒரு பெரியவர் உடனிருத்தலே சிறுவன் மீள்வதற்குப் பெருந்துணை.