ஆதரவில்லத்தின் தலைமை

முதுமையாலும் பிணியாலும் துணையின்மையாலும் தம் வீட்டை நீங்கியோர் பலர் ஒருங்கே உண்டு, உறங்கி, வாழும் இடத்தை ஆதரவில்லம் என்கிறோம். அத்தகைய இல்லத்தைச் செவ்வனே நடத்துவோர்க்கு வேண்டும் தகுதி யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். இரக்கமுள்ள நெஞ்சம் ஒன்றே போதும் என்று கருதுவோர் நம்மிற் பலர். இரக்கமில்லாதார் இப்பணியிற் புகுதல் ஆகாது என்பது உண்மையே. ஆயினும், இரக்கமுடையார் நடத்தும் இல்லங்களிலும் முதியோர் படுக்கைப்புண்ணால் வருந்துவதுண்டு. கேட்பாரின்றித் தாகத்தோடு இரவைக் கழிப்பதும் உண்டு. ஆதலின் இரக்கத்தோடு வேறொன்றும் வேண்டும் என்பது பெறப்படும்.

தண்டையார்பேட்டையினின்று தெற்கு நோக்கிச் செல்வோர் ஸ்டான்லி மருத்துவமனையைக் காண்பர். அதன் தோற்றம் ஒரு கஞ்சித்தொட்டியில் உள்ளது. ஐதரலியின் படையெடுப்பால் விளைநிலங்கள் பாழாகிப் பஞ்சம் மிகுந்த 1782-ஆம் ஆண்டில், சென்னைக்கு ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் நாவில் அப்பெயர் 'மானிகர்' எனத் திரிந்தது. கஞ்சி குடிக்க வந்தோரிற் பிணியாளரும் இருந்தமையால், 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கு ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினார். ஊரார் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்கினர். அது வளர்ந்து பெரு மருத்துவமனையாயிற்று. சத்திரமோ முதியோர்க்குப் புகலிடமாகத் தொடர்ந்தது.

கஞ்சி வார்ப்பதற்கும் இல்லம் நடத்துவதற்கும் உள்ள வேற்றுமையை இவ்வரலாற்றினின்றே உணரலாம். வந்தவர் உண்டு எழுந்து போவாராயின், அகப்பை பிடிப்போன் கடமை ஒரு நாழிகையில் முடிந்துவிடும். வந்தவர் அங்கேயே தங்குவாராயின், அவர் இரவில் இருமும்பொழுதும், கழிப்பறைக்கு எழுந்து தடுமாறும்பொழுதும் அக்கடமை நீங்குவதில்லை. ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். இல்லத்தலைவி நாடோறும் 10 மணி நேரமாக ஆறு நாள் உழைப்பினும் 60 மணியே அவர் கண்பார்வையில் அமையும். எஞ்சிய 108 மணியும் இல்லம் அவரின்றியே நடக்கிறது. தலைமையின் தரத்தை அளக்கும் கோல் அந்த 108 மணி நேரமே என்பது எம் கருத்து.

இக்கருத்தைத் தெளிவுற எடுத்துரைத்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியப் போர்க்களத்திற் கைவிளக்கேந்திய அவரை யாவரும் அறிவர். அதற்கு முன்னரே, 1853-இல், லண்டன் ஹார்லி தெருவிற் பிணியுற்ற பெண்டிர் தங்கிய ஓர் இல்லத்தின் மேற்பார்வையை அவர் ஏற்றதைச் சிலரே அறிவர். அங்கு அவர் முதலிற் கேட்டவை மாடிதோறும் வெந்நீர் செல்லக் குழாயும், உணவை மேலே ஏற்ற ஓர் ஏற்றப் பொறியும், அழைத்தவர் யாவர் என்பதைக் காட்டும் மணியும் ஆம். செவிலி வெந்நீருக்கும் உணவுக்குமாகப் படியேறி இறங்கிக்கொண்டிருப்பின் நோயாளி அருகில் இருப்பது எங்ஙனம்? பணியாளரைச் சோம்பேறிகள் என்று கடிவதற்கு முன், அவர் கால்கள் எங்கே வீணாகின்றன என்று நோக்கிய அத்தலைமை வியக்கத்தக்கது. அவ்வில்லத்தின் கமிட்டியார் இங்கிலாந்துத் திருச்சபையினரை மட்டுமே சேர்க்க விரும்பினர். அம்மையாரோ எச்சமயத்தாரையும் சேர்த்தல் வேண்டும் என்று வாதிட்டு, அவ்வுடன்பாட்டை எழுத்திற் பெற்றார். கமிட்டிக்கு இணங்குவது மட்டும் தலைமையாகாது என்பதற்கு அஃதொரு சான்று.

1859-இல் அவர் எழுதிய செவிலிப்பணி பற்றிய நூலிற் சிறு நிர்வாகம் குறித்து ஓர் அதிகாரமே உண்டு. தான் இருக்கும்பொழுது நடப்பது, தான் இல்லாதபொழுதும் நடக்குமாறு ஏற்பாடு செய்யத் தெரியாதவர் எத்துணை உழைப்பினும் பயன் குறைவு என்பது அதன் சாரம். எல்லாவற்றையும் தாமே செய்யும் தலைவியை நாம் தியாகி என்று புகழ்கிறோம். அவர் காய்ச்சலாற் படுத்த அன்று மருந்துப்பெட்டியின் சாவி எங்குளது என்று ஒருவரும் அறியாராயின், அப்புகழ் எதற்கு?

ஏற்பாடு என்பது யாது? பகற்பணியாளர் போய் இராப்பணியாளர் வரும் அந்தக் கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். இன்ன பாட்டி இன்று உண்ணவில்லை, இன்ன பெரியவர்க்குப் புதிய மாத்திரை தொடங்கிற்று, இன்னார் மகன் வருவதாகச் சொல்லி வரவில்லை, அவர் மனம் கலங்கியுள்ளார் என்பனவற்றை ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு எழுதுவராயின் அவ்விரவு காக்கப்பட்டது. ஒருவர் வாயிலில் செருப்பை மாட்டும்பொழுதே மற்றவர் உள்ளே நுழைவாராயின் அச்செய்திகள் யாவும் அறுந்துபோம். எழ இயலாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தல் என்பது பொதுவான வழக்கம். இரவு இரண்டு மணிக்கு அதனைச் செய்பவர் ஆயா; தலைவியல்லர். முப்பது பேருக்கு ஓர் ஆயாவை வைத்துவிட்டு, புண் வந்தபின் அவரை நிந்திப்பது நீதியன்று. ஊதியம் குறைவாயின் ஆயாக்கள் ஆறு திங்களுக்கொருவராக மாறுவர். எவர்க்குக் காபியில் சர்க்கரை கூடாது, எவர்க்கு இடச்செவி கேளாது என்னும் அறிவும் அவர்களோடே போய்விடும்.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு சொல். 'இவ்வாண்டு ஒருவரும் வழுக்கி விழவில்லை' என்று எழுதியிருப்பின் மகிழவேண்டா, ஐயுறுக. முதியோர் பலர் வாழுமிடத்தில் விழுதல் நிகழாதிருப்பது அரிது. விழுந்ததைச் சொன்ன பணியாளர்க்கு அபராதம் விதிக்கும் தலைமையின் கீழ் ஒருவரும் விழமாட்டார். விலா எலும்பு மட்டும் முறிந்திருக்கும்! தவற்றைச் சொன்னவரை அருகிருத்தி, தரை ஈரமா, விளக்கு மங்கலா, கட்டில் உயரமா என்று வினவும் தலைமையிடத்தே உண்மை வந்து சேரும். திங்கள்தோறும் ஒவ்வொருவர் எடையையும் நிறுத்து எழுதுவது எளிய செயல். உணவுப்பட்டியல் எவ்வளவு அழகாயினும், எடை குறைந்துவரின் உணவு வயிற்றிற் சேரவில்லை என்பது தெளிவு.

மணிமேகலைக் காப்பியத்திற் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கப்பட்ட செய்தியைத் தமிழ் பயிலும் மாணவர் அறிவர். அதன் மறுதலையும் இந்நாட்டில் நிகழ்ந்தது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கிய ஓர் இல்லத்தின் கொட்டகை தீப்பற்றிற்று. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். இத்தகைய இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்னும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் அங்கு அது நடைமுறையில் இல்லை. பின்னர் அங்கிருந்த இல்லங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றிலும் விலக்கிற்று. சங்கிலி ஏன் வந்தது என்று சிந்தித்தல் வேண்டும். கொடுமை ஒரு காரணம். காவலிருக்க ஆளில்லாமையும் ஒரு காரணம். ஆள் குறைந்த இடத்தில் இரும்பு ஆளாகிறது. இக்காலத்தில் இரும்பு வேண்டுவதில்லை. தாழிட்ட கதவும், உறக்க மாத்திரையும், நகரவிடாத நாற்காலியும் அவ்வேலையையே செய்யக்கூடும்.

சட்டங்களைப் பற்றி விரிப்பிற் பெருகும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்திற்கு ஒன்றேனும், வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லத்தைப் பற்றிக் கூறுகிறது. தொகை கூறுதல் எளிது. தரம் கூறுதல் அரிது. இங்கிலாந்தில் இல்லங்களைச் சோதிக்கும் ஆணையம், பாதுகாப்பு, பயன், பரிவு, தேவைக்கேற்ற கவனிப்பு என்னும் நான்கோடு நல்ல தலைமை என்பதையும் ஐந்தாவதாகத் தனியே வினவித் தரம் வகுக்கிறது. தலைமை தளர்ந்தால் மற்ற நான்கும் நெடுநாள் நில்லா என்பதை அறிந்தே அங்ஙனம் செய்தனர் போலும்.

நம் மாணவர் சங்கத்தார் பண்டிகைதோறும் வடசென்னை இல்லங்களுக்குப் பழமும் போர்வையும் கொண்டு செல்வர். அன்று தரை கழுவப்பட்டிருக்கும், பாட்டும் உண்டு. அவர்கள் பண்டிகையல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையிலும், தலைவியார் வெளியே சென்றிருக்கும் வேளையிலும் இசைவு பெற்றுச் செல்வாராக. கட்டிலருகே தண்ணீர்க் குவளை கையெட்டும் தொலைவில் உள்ளதா, இராப்பணியாளர் எத்தனை பேர், பணியாளர் முதியோரைப் பெயர் சொல்லி 'ஐயா', 'அம்மா' என்கிறாரா, கட்டில் எண் சொல்லி அழைக்கிறாரா என்று பார்த்து வருவாராக. முதியவர் ஒருவர் அழைப்புமணியை அடிக்கும்பொழுது கையில் ஒரு கடிகாரமும் இருப்பின் நன்று.